சுருட்டின் சுவை யார் கையில்?

சுருட்டைச் சுவைப்பது ஒரு கலையாம். அந்தக் கலை பணம் படைத்தவனுக்குத்தான் கைவருமாம். எப்படி வெட்டுவது, எப்படிப் பற்றவைப்பது, எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் இழுப்பது, எந்த மரப்பெட்டியில் வைப்பது என்றெல்லாம் போதனை செய்யப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். நகரங்களில் குளிரூட்டிய அறையில் மெத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் போதனையைக் கேட்க ஒரு கூட்டமும் இருக்கிறது. அங்கே ஊதித் தள்ளும் ஒரே ஒரு சுருட்டின் விலையில் தோட்டத்துக் குடும்பம் ஒன்று பல நாளைக்குச் சாமான் வாங்கிவிடலாம்.

அவர்கள் ஊதுவதைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. அவர்கள் பேச்சில் ஒன்றுதான் நமக்கு உறுத்துகிறது. சுவை என்பது பிடிப்பவன் நாக்கில் இருக்கிறது என்கிறார்களே, அதுதான். இதை நாம் அடியோடு மறுக்கிறோம். சுருட்டு உதட்டுக்கு வருமுன்பே அதன் சுவை பெரும்பாலும் முடிவாகிவிட்டது. நாற்று நட்டவன், இலை ஒடித்தவன், பாடம் போட்டவன், சுருட்டியவள் ஆகிய நாலு பேர் கையில் அது பிறந்துவிட்டது. பிடிப்பவனுக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்றே ஒன்று. அதைக் கெடுக்காமல் இருப்பது!

தொழிற்சங்கப் பத்திரிகையில் சுருட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. சுருட்டுத் தொழிலாளியின் வழக்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் வழக்கும் ஒரே வழக்கு. இரண்டிலும் கைதான் தரத்தை உண்டாக்குகிறது. இரண்டிலும் விலை பேசும்போது அந்தக் கை மறைந்துவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். இதைப் படித்துவிட்டு எந்தத் தோழரும் புதிதாகச் சுருட்டைக் கையில் எடுக்க வேண்டாம். புகையிலை உலகில் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் பலி கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டுகிறது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரும். நம் நாட்டில் 2024 அக்டோபர் 1 முதல் புதிய புகைப்பொருள் சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பது குற்றம். சங்கம் யாருக்கும் புகைக்கக் கற்றுக்கொடுக்க வரவில்லை. சுவை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கை நேராக்க வந்திருக்கிறது.

முனியாண்டிக்குத் தெரிந்த சுருட்டு

சுருட்டு நமக்குப் புதிய சரக்கா? தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டி கோயிலைப் பாருங்கள். படையலில் சுருட்டு இல்லாமல் பூசை முடிவதுண்டா? துரை பங்களாவில் வெள்ளித் தட்டில் வைத்து நீட்டிய காலத்திலேயே, லயத்துத் தொழிலாளி தன் காவல் தெய்வத்துக்கு அதை வாழையிலையில் வைத்தான். வெள்ளைக்காரன் வாயில் புழங்கும் 'செரூட்' என்ற சொல்கூட நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். சொல்லையும் கொடுத்தோம், சரக்கையும் கொடுத்தோம்!

திருச்சிராப்பள்ளி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டு கப்பலேறி உலகம் சுற்றியது. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் ஆலை வைத்து நடத்தியது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிகிறவர் சொல்லிவிடுகிறார். எவ்வளவு கூர்மையான கண்! சாம்பலைக் கண்டு ஊரைச் சொன்ன கண்ணுக்கு, அந்த ஊரில் அதைச் சுருட்டிய விரல்கள் மட்டும் தெரியவில்லை.

உறையூர்ச் சுருட்டைச் சர்ச்சில் விரும்பிப் பிடித்தாராம்; இன்றைக்கும் இதைச் சொல்லிப் பூரித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பூரிக்கட்டும். ஆனால் 1951 முதல் 1955 வரை அந்தச் சர்ச்சில் பிரதமராக வீற்றிருந்தபோது மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடந்தது. 1948 ஜூனில் நமது பேராக்கில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமார் சுடப்பட்டதை அடுத்து வந்த சட்டம் அது. 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. ஏராளமான மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அதே நாட்களில் மலாயா ரப்பர்தான் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரைக் கொட்டிக் கொடுத்தது. பிரதமர் வாயில் புகைந்தது சுருட்டு மட்டுமா? இந்த நாட்டுத் தொழிலாளியின் விடியற்காலை உழைப்பும் அதில் சேர்ந்துதான் புகைந்தது.

இலைக்கு வேண்டியது காலம்

இனிச் சுவைக்கு வருவோம். ஒரே செடியில் விளைந்தாலும் எல்லா இலையும் ஒன்றல்ல. உச்சியில் வெயில் குடித்த இலை தடிப்பு, காரம் அதிகம். நடு இலையில் மணம். அடி இலை மென்மை, நன்றாக எரியும். உள்ளே வைக்கும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை என்று மூன்று பங்கு. எதை எவ்வளவு வைப்பது என்பதில்தான் காரமும் மணமும் ஒன்றையொன்று அடக்கி நிற்கும்.

ஒடித்த இலையை அப்படியே சுருட்டினால் வாயில் வைக்க முடியாது. உலர்த்த வேண்டும். பிறகு அடுக்கிப் பாடம் போட வேண்டும். அடுக்குக்குள் தானாகவே சூடேறும். சூடு மிஞ்சுமுன் கலைத்து, உள்ளிருப்பதை வெளியிலும் வெளியிலிருப்பதை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். மூக்கை எரிக்கும் கார நெடி அப்போதுதான் வெளியேறும். எந்த நாளில் கலைப்பது என்று கடிகாரம் சொல்லாது. அடுக்குக்குள் கையை விட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பொச்சு எரித்து அந்தப் புகையில் இலையைப் பதமாக்குவார்கள். பிறகு கோடா என்ற பாணியைத் தடவி வைப்பார்கள். புகையில் பதமாக்குவது என்றதும் பால் ஸ்டோரில் வேலை பார்த்த தோழர்களுக்குப் புன்னகை வரும். ரப்பர் ஷீட்டை நாம் என்ன செய்தோம்? அமிலம் ஊற்றி உறையவைத்து, இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டில் நாலைந்து நாள் தொங்கவிட்டோம். சூடு மிஞ்சினால் கொப்புளம். குறைந்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி. இலைக்கும் ஷீட்டுக்கும் விதி ஒன்றுதான். புகைக்கு அவசரம் பிடிக்காது.

பெட்டியும் ஈரமும்

சுருட்டை வைக்கும் பெட்டியைப் பற்றிப் பெரிய மனிதர்கள் நிறையப் பேசுகிறார்கள். காற்றின் ஈரம் 65 முதல் 70 சதவீதம் வரை, வெப்பம் 18 முதல் 21 பாகை வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். சரிதான். காய்ந்த சுருட்டு காகிதம்போல் மடமடவென்று எரிந்து, சூடாகி, கசக்கும். ஈரம் மிஞ்சிய சுருட்டு புகையை விடாது; அடிக்கடி அணையும்.

ஆனால் இந்தப் பாடம் குளிர்நாட்டில் எழுதிய பாடம். அங்கே பெட்டிக்குள் தண்ணீர் வைத்து ஈரமூட்ட வேண்டும். பேராக்கில் நிலைமை தலைகீழ். மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலோ ஈப்போவிலோ சுருட்டைத் திறந்து வைத்தால் சில நாளில் பூசணம் படரும். வெப்பத்தில் புகையிலை வண்டின் முட்டை பொரித்து, ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை விழும். ஆகவே இங்கே காற்றுப் புகாமல் மூடி வைப்பதும், அளவான ஈரத்தைக் காப்பதும், வெயிலும் சூடும் படாமல் பார்ப்பதும்தான் முறை. குளிர்நாட்டு ஏட்டை அப்படியே ஒப்பிக்கிறவனைவிட, ஈரத்தில் கட்டிய ஷீட் பூசணம் பிடித்துத் தரம் இறங்குவதைக் கண்ட ஸ்டோர்த் தொழிலாளிக்கு இது நன்றாகப் புரியும். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, இது ஒன்றாம் நம்பர், இது மூன்றாம் நம்பர் என்று கண்ணாலேயே பிரித்த நம் தாய்மாருக்கு யாரும் 'ரசனை' என்று பட்டம் சூட்டவில்லை!

வெட்டும் நெருப்பும்

உறையூர்ச் சுருட்டுக்கு இரு முனையும் திறந்தே இருக்கும். வெட்டும் வேலையே இல்லை. கியூபாச் சுருட்டுக்கு வாய்ப்பக்கம் இலைத்தொப்பி ஒட்டியிருக்கும். அதன் நுனியை மட்டும் எடுக்க வேண்டும். தொப்பியின் விளிம்புக்குக் கீழே கத்தி இறங்கினால் மேலிலை பிரிந்து சுருட்டே அவிழ்ந்துவிடும். மழுங்கிய கத்தி வெட்டாது, கிழிக்கும்.

இதைக் கேட்டதும் பால்வெட்டுத் தோழர்களுக்கு வேறொரு வெட்டு நினைவுக்கு வந்திருக்கும். பால்மரத்தின் பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக ஓடுகின்றன. கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். மிஞ்சிப் போனால் மரம் காயப்படும். அந்தக் காயம் முண்டு முண்டாகத் தடித்து, அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் விட வேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவு. அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு காலைக்குள் 500, 600 மரத்தில் பிசகாமல் நிறுத்துகிறது நம் கை. ஒரு சுருட்டின் தொப்பியை ஒரே ஒரு தரம் வெட்டத் தெரிந்தவனுக்குப் பெயர் ரசிகன். இதற்குப் பெயர் கூலி வேலையாம்!

நெருப்புக்கும் பக்குவம் உண்டு. பெட்ரோல் விளக்கில் பற்றவைத்தால் அந்த வாடை சுருட்டுக்குள் ஏறும். தீக்குச்சியானால் அதன் தலை மருந்து முழுதும் எரிந்து, மரம் எரியத் தொடங்கிய பிறகே கிட்டக் கொண்டுபோக வேண்டும். நெருப்பு தொடாமல், சுற்றிச் சுற்றிக் காட்டி, முனை முழுவதும் ஒரே சீராகக் கனலச் செய்ய வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்புப் போதும். புகை நெஞ்சுக்குள் போகக்கூடாது. வாயில் நிறுத்தி விட்டாலே மூக்கின் பின்வழியாக மணம் தெரியும். அவசரப்பட்டு அடுத்தடுத்து இழுத்தால் நெருப்புச் சூடேறி இலையின் எண்ணெய் கருகும். கசப்புத்தான் மிஞ்சும். சாம்பலை அடிக்கடி தட்டவும் கூடாது. அது நெருப்பைக் குளிர்வாக வைக்கும் போர்வை. கடைசிப் பகுதி சூடானதும் கீழே வைத்துவிட்டால் தானே அணையும்.

இத்தனை விதியையும் பிழிந்தால் ஒரு சொட்டுத்தான் விழும். பொறு! அவ்வளவுதான். பால்வெட்டும் இதையேதான் சொல்கிறது. வெயில் ஏறுமுன், மரத்தினுள் அழுத்தம் நிறைந்திருக்கும் குளிர்ந்த வேளையில் வெட்டு. மங்கு நிறையும் வரை காத்திரு. இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு கொடு. ஓய்வில்லாமல் வெட்டிய மரத்தில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். மரத்துக்குக்கூட ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற நிருவாகங்கள், மனிதனுக்கு ஓய்வு என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கின்றன?

சுருட்டுக் கொட்டிலில் பிறந்த படிப்பு

சுருட்டு சுருட்டுவதற்கு விரல் போதும். காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத் தொழிலாளி என்ன கொடுத்தான் தெரியுமா? படிப்பைக் கொடுத்தான்!

1865-இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் கதையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்குக் கூலி முதலாளி கொடுத்ததல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தது. மறு ஆண்டே, 1866-இல், ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. ஏன்? கேட்கிற காது கேள்வி கேட்கும் வாயாக மாறிவிடும் என்ற பயம்! தடை நிலைக்கவில்லை, வாசிப்புத் திரும்பியது. அமெரிக்காவில் தாம்பா நகரத்து ஆலை முதலாளிகளும் 1931-இல் வாசிப்பவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இன்று பெரிய மனிதர்கள் மோகத்தோடு உச்சரிக்கும் 'மோன்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர் எங்கிருந்து வந்தது? ஆலையில் வாசிக்கக் கேட்டுத் தொழிலாளர்கள் மனத்தைப் பறிகொடுத்த நாவலின் பெயர் அது. பெட்டியின் மேல் அச்சடித்த அந்தப் பெயரிலேயே தொழிலாளியின் ரசனை இருக்கிறது. வாங்குகிறவனுக்கு அது தெரியாது!

நியூயார்க்கில் சுருட்டு சுருட்டிக்கொண்டிருந்த சாமுவேல் கோம்பர்ஸ்தான் 1886-இல் அமெரிக்கத் தொழிற்சங்க சம்மேளனத்தின் முதல் தலைவரானார். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர் கேட்பது வழக்கமாக இருந்தது. கேரளத்துக் கண்ணூரில் பீடி சுற்றியவர்களும் அப்படியே. அந்தக் கண்ணூரில் நடந்ததை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 1966-இல் இந்தியாவில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதைக் கேரளத்தில் அமல்படுத்த முனைந்ததும் பெரிய முதலாளிகள் ஆலையை இழுத்து மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். நின்றவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1969-இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தாங்களே தொடங்கினார்கள். முதலாளி இல்லாமல் தொழில் நடக்கும் என்று காட்டினார்கள். பின்னாளில் பீடிக்குக் காலம் தேய்ந்தபோது அதே கூட்டுறவு உணவுப் பொருளுக்கும் குடைக்கும் துணிக்கும் தாவியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேராக்கில் தோட்ட ஆபீசிலும் ரயில்வேயிலும் கணக்கெழுதியவர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரை பிடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட லயத்து வாசல்கள் நம்மிடமும் இருந்தன. எழுத்தறிந்த கிராணியும் எழுத்தறியாத தொழிலாளியும் ஒரே பத்திரிகையின் இரு பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் சங்கம் வளர்ந்தது. கிராணியை ஆபீஸ் பக்கமும் தொழிலாளியைப் பெரட்டுக் களத்துப் பக்கமும் பிரித்து வைத்தபோதெல்லாம் லாபம் யாருக்குப் போனது என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

சுருட்டுத் தொழிலாளர் சரித்திரத்தில் ஒரு கறையும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. 1870-களில் கலிபோர்னியாவில் வெள்ளைத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளி தொடாத சுருட்டு இது என்று காட்டப் பெட்டிமேல் வெள்ளை முத்திரை ஒட்டினார்கள். தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியே ஒட்டிய முத்திரை! இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததைப்போலக் கடனோடு வந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களைப் பார்த்து முகம் திருப்பினால் அந்த வெள்ளை முத்திரையைத்தான் நாமும் ஒட்டுகிறோம். அவர்கள் கூலி தாழ்ந்தால் நம் கூலியும் தாழும். இதில் இரக்கத்துக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் இடம் இருக்கிறது.

திறமை எங்கே போயிற்று?

தோட்ட வேலையை அழுக்கு, ஆபத்து, கஷ்டம் என்ற மூன்று சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நாட்டில் பேசுகிறவர்களும் பேசுகிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. மூன்றும் உண்மைதான். ஆனால் திறமை என்ற நான்காவது சொல் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? அதைச் சேர்த்தால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால்தான் இல்லை!

கியூபாச் சுருட்டுப் பெட்டியின் அடியில் முழுக்க முழுக்கக் கையால் செய்தது என்று முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரையைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். கை என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு, விற்கும்போது! ரப்பர் மூட்டையில் தரத்தின் நம்பர் இருக்கும். தோட்டத்தின் பெயர் இருக்கும். கை இருக்காது. டயர் ஓடும், கையுறை மருத்துவமனைக்குப் போகும், குழந்தையின் பால்புட்டிக்கு முனையாகும். எதிலும் கை இருக்காது.

1877-இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகளை நமது கோலகங்சாரில் நட்டார்கள். அந்த நாளின் மரம் ஒன்றை இன்றும் அங்கே வேலி கட்டிக் காக்கிறார்கள். நன்று. மரத்தைச் சாகவிடாமல் தினமும் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி கண்டறிந்தார் என்றும் பாடப் புத்தகம் சொல்கிறது. அதுவும் நன்று. அந்த முறையை நூறாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான மரங்களில் நடத்திக் காட்டிய கை யாருடையது? மரத்துக்கு வேலி கட்டிய நாடு அந்தக் கைக்கு என்ன கட்டியது? ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தை விற்று வீடமைப்பு எழுப்பியபோதும், எத்தனை குடும்பங்கள் சட்டிபானையோடு வெளியேறின என்று லயம் இருந்த மண்ணுக்குத் தெரியும்.

நாம் கேட்பது

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, சட்டம் கொடுத்த கூலி. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதுவே. இது மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடைக்கு, எண்ணிக்கைக்கு, வெட்டுக்கு என்று கூலி வாங்குகிறவனுக்கும் மாதக் கூலி அதற்குக் குறையக்கூடாது என்று அந்த ஆணையே சொல்கிறது. சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைக்குமுன் ஒரு தரம் கூட்டிப் பாருங்கள். கூட்டத் தெரியாவிட்டால் கிராணியிடம் கேளுங்கள். கிராணித் தோழர்களே, கேட்டவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்! செக்ரோலில் எழுதும் பேனா நிருவாகம் வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம்; அதைப் பிடித்த விரல் உழைப்பாளியின் விரல்.

இரண்டாவது, அவசரத்துக்கு ஒரு எல்லை. ஒருவருக்கு இத்தனை மரம் என்று ஏற்றிக்கொண்டே போனால், ஒரு மில்லிமீட்டரைக் காக்கும் கை தடுமாறத்தான் செய்யும். காயம் பட்ட மரத்தைக் காட்டித் தொழிலாளியைத் திட்டுகிற நிருவாகம், முதலில் தான் ஏற்றிய எண்ணிக்கையைப் பார்க்கட்டும். ஓட ஓட விரட்டிச் சுருட்டவைத்த சுருட்டு நடுவில் இறுகிப் புகை விடாது. ஓரம் தளர்ந்து ஒருபக்கமாக எரியும். ஓட ஓட விரட்டி வெட்டவைத்த மரமும் அப்படித்தான் பழிவாங்கும்.

மூன்றாவது, திறமைக்குத் தனிக் கூலி. நன்றாக வெட்டுகிறவரையும் நேற்று வந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதால்தான் நம் பிள்ளைகள் கத்தியைத் தொட மறுக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று ஏசுவதில் அர்த்தமில்லை. மதிக்காத தொழிலை யார் கற்பார்கள்? கத்தி தீட்டும் நேரமும் உழைப்பு நேரம்தான். மழையில் வெட்டு நின்ற நாளுக்குத் தொழிலாளி பொறுப்பல்ல.

நான்காவது, நாம் நமக்கே கொடுக்க வேண்டியது. ஹவானாத் தொழிலாளி தன் கூலியிலிருந்து வாசிப்பவனுக்குக் கொடுத்தான். நாம் மாதச் சந்தாவோடு ஒரு புத்தகத்துக்கும் கொடுப்போம். எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வந்து ஈப்போவைச் சுற்றிய தாமான்களில் குடியேறிய குடும்பங்களிலும், வாரம் ஒருநாள் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கட்டும். சட்டத்தை வாசியுங்கள்; சம்பளச் சீட்டை வாசியுங்கள்; கதையையும் வாசியுங்கள்.

தோழர்களே! சுருட்டின் சுவையைப் பற்றிப் பெரிய மனிதர்கள் இனியும் பேசுவார்கள், பேசட்டும். பொறுமையாக இழு, மெதுவாகச் சுவை என்று அவர்கள் சொல்லும்போது, அந்தப் பொறுமையை முதலில் இலைக்குள் வைத்தவர் யார் என்று நாம் கேட்போம். நல்ல சுருட்டு வேண்டுமென்றால் அவசரமில்லாத கை வேண்டும். அவசரமில்லாத கை வேண்டுமென்றால் வயிறு நிறையும் கூலி வேண்டும். சுருட்டுக்கும் இதுவே விதி. ரப்பருக்கும் இதுவே விதி. கையின் திறமையை விலையில் சேர்த்து வாங்குகிறவர்கள், அந்த விலையைக் கைக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்!

அதுவரை நம் கோரிக்கை அணையாது.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!